தளம் அமுங்கும் பழைய ஃபைபர் படகு: மேலே மேட் போட்டால் போதுமா?

மேட்டூர் அணைக்கு மேல்பக்கம் கொளத்தூரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா கடலூர்ப் பக்கம் ஒரு பழைய ஃபைபர் மீன்பிடிப் படகை வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். 22 அடி நீளம், சுனாமிக்குப் பிறகு 2005, 2006 வாக்கில் கட்டியது. தளத்தில் கால் வைத்தால் அமுங்குகிறது. மோட்டாரை மாட்டி வேகம் கொடுத்தால் பின்பலகை ஆடுகிறது. சேலத்தில் தண்ணீர்த் தொட்டி செய்யும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தளத்துக்கு மேலே மூணு மேட் போட்டுடலாம், கல்லு மாதிரி ஆயிடும்" என்றாராம். மேட் என்பது கண்ணாடி இழை விரிப்பு, ரெசின் என்ற பிசினில் நனைத்து ஒட்டுவது. போடலாமா, மூன்று போதுமா, நான்கு வேண்டுமா என்பது கேள்வி.

இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. படகுக்குள் எலும்பு, அதாவது உள்ளிருந்து தாங்கும் சட்டங்கள், இன்னும் மிச்சம் இருக்கிறதா, போயிருந்தால் அதைத் திரும்பக் கட்ட முடியுமா? அதற்குப் பதில் கிடைக்காமல் மேட் கணக்குப் போடுவதில் பயனில்லை. நான் சேலத்தில் ஃபைபர் வேலை செய்து 20 வருடங்களுக்கு மேல் ஆகிறது. பெரும்பாலும் சேகோ ஆலைத் தொட்டிகள், குழாய்கள், கூரைத் தகடுகள்தான். ஆனால் சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் ஒரு படகுக் கூடத்தில் இரண்டு வருடம் இருந்தேன், உங்கள் படகு கட்டப்பட்ட அதே காலத்தில். அங்கே பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் படகை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் எது எல்லாப் படகுக்கும் பொருந்தும், எது நீங்கள் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது: தளத்துக்கு மேலே மூன்று மேட் போடுவது உங்கள் பிரச்சினையைத் தீர்க்காது. ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ ரெசின் குடிக்கும். ஒரு அடுக்கு காய்ந்த பிறகு சுமார் 1 மி.மீ. கனம், ஒன்றரைக் கிலோ எடை. உங்கள் தளம் 6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மூன்று அடுக்குக்கு 27 கிலோ ஏறும். கிடைப்பது 3 மி.மீ. கனம். ஆனால் வளையாமல் நிற்கும் பலம் கனத்தை விட உயரத்தில் இருக்கிறது. ஒரு ரீப்பர் கட்டையைப் படுக்க வைத்து மிதித்தால் வளையும், அதையே நிறுத்தி வைத்து மிதித்தால் அசையாது. அகலம் மாறாத ஒரு சட்டத்தின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்கு கூடும். படகின் தளத்துக்கு அடியில் அணியத்தில் (முன்முனையில்) இருந்து பின்பலகை வரை ஓடும் நீளச் சட்டங்கள், அதாவது ஸ்ட்ரிங்கர்கள், இந்த வேலையைத்தான் செய்கின்றன. தளம் அமுங்குகிறது என்றால் அவை அழுகியிருக்கலாம், அடித்தோட்டில் (படகின் அடிப்பக்க ஃபைபர் ஓட்டில்) இருந்து விட்டுப் போயிருக்கலாம், அல்லது தளத்தின் பலகை மட்டும் உளுத்திருக்கலாம். மூன்றும் வெவ்வேறு வியாதி. மேலே மேட் போட்டு மூடினால் மூன்றும் கண்ணுக்கு மறையும், ஈரமும் உள்ளேயே அடைபடும்.

மரம் ஏன் அழுகியது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் இடத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்புத் தண்ணீர் அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. கடல் படகுகளில்கூட மரம் அழுகுவது பெரும்பாலும் மழைத் தண்ணீர் இறங்கித்தான். நீங்களோ படகைக் காவிரித் தண்ணீரில் விடப்போகிறீர்கள். இன்னொன்றும் உண்டு. ஃபைபர் தோட்டின் வெளிப்பக்கம் சின்னச் சின்னக் கொப்புளம் வந்து, குத்தினால் காடி மாதிரிப் புளித்த வாடையோடு நீர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் தோட்டுக்குள் ஊடுருவி ரெசினில் கரையாமல் கிடக்கும் பொருள்களைக் கரைப்பதால் வருவது அது. கடல் நீரை விட நல்ல தண்ணீரில் அது சீக்கிரம் வரும். அதோடு நல்ல தண்ணீர் கடல் நீரை விட இரண்டரை சதவீதம் அடர்த்தி குறைவு, அந்த அளவுக்குப் படகு கூடுதலாக அமிழும். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உள்ளே ஈரம் குடித்த ஃபோம் இருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

அந்த ஃபோம் பற்றித் தனியாகச் சொல்கிறேன். அந்தக் காலப் படகுகளில் பலவற்றுக்கு மிதவைக்காகத் தளத்துக்கு அடியிலும் அணியத்திலும் மஞ்சள் நிறப் பாலியூரித்தேன் ஃபோமை ஊற்றி அடைத்தோம். புதிதாக இருக்கும்போது தண்ணீர் குடிக்காது. வருடக்கணக்கில் தண்ணீரில் ஊறிக் கிடந்தால் குடிக்கும், குடித்ததைத் திருப்பித் தராது. அரைக் கன மீட்டர் ஃபோமில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஏறினாலே 160 கிலோவுக்கு மேல் சுமை. இரண்டு ஆட்களுக்கு மேல் ஏற்றியது போல. வெயிலில் வைத்துக் காய வைக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. காயாது. வெட்டி எடுக்கத்தான் வேண்டும்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? செலவில்லாத வழி ஒரு சின்னச் சுத்தியல். உலோகத் தலை வேண்டாம், பிளாஸ்டிக் தலை அல்லது ஸ்குரூ டிரைவரின் கைப்பிடி போதும். தளம் முழுக்க, பின்பலகை முழுக்க, ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்று வரும், விட்டுப்போன இடத்தில் பொத்தென்று வரும். சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். அப்புறம் உள்பக்கத்தில் இருந்து 5 மி.மீ. டிரில் வைத்துப் பின்பலகையின் கீழ்ப்பகுதியில் நான்கு துளை, ஸ்ட்ரிங்கரின் பக்கவாட்டில் அடியை ஒட்டி முழ இடைவெளியில் துளைகள் போடுங்கள். வெளித்தோட்டைத் துளைக்காதபடி டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழக் குறி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும் தூளைப் பாருங்கள். வெளிர் நிறமாக, உலர்ந்து, மர வாசனையோடு வந்தால் நல்லது. கருப்பாக, ஈரச் சேறு மாதிரி வந்தால் அந்த மரம் போய்விட்டது. துளையில் இருந்து தண்ணீர் சொட்டியே நான் பார்த்திருக்கிறேன்.

அடித்தோட்டின் கனத்தையும் அறிந்தாக வேண்டும், ஏனென்றால் படகைக் காப்பாற்றலாமா விடலாமா என்பது இதில்தான் இருக்கிறது. எலும்பைத் திரும்பக் கட்டலாம். தோடே மெலிந்திருந்தால் புதுப் படகு கட்டுகிற செலவு வந்துவிடும். நடுவில் ஒரே ஒரு துளை போட்டு அளந்து பாருங்கள், அதை அடைப்பது சிரமமில்லை. 22 அடிப் படகுக்கு அடிப்பகுதி 6 மி.மீ.க்குக் குறைந்தால் நான் வேலையைத் தொடங்கத் தயங்குவேன். இது நான் பழக்கத்தில் வைத்திருக்கும் அளவு, சட்டம் இல்லை. சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களின் பணம் வந்து, புதிது புதிதாகக் கூடங்கள் முளைத்து, ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் படகுகள் கேட்ட காலம் அது. அக்கறையோடு செய்தவர்களும் இருந்தார்கள். நான் இருந்த கூடத்தில் மழை தூறும்போதுகூட மேட் போட்டோம். ஒரு வருடத்துக்குள் அப்படிப் போட்ட அடுக்குகள் அப்பளம் மாதிரிப் பிரிந்து வந்ததை நானே உரித்துப் பார்த்தேன். இன்றுவரை மனதை அரிக்கிற விஷயம் அது, கடலுக்குள் போனவர்கள் அந்தத் தோட்டை நம்பித்தான் போனார்கள். அதனால் சொல்கிறேன், துளையின் ஓரத்தில் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா, இடையில் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

தோடு நன்றாக இருக்கிறது, எலும்புதான் போயிருக்கிறது என்று தெரிந்தால் வேலையில் இறங்கலாம். இறங்குமுன் ஒன்று: அணையில் மோட்டார் வைத்த படகு ஓட்ட என்ன அனுமதி வேண்டும் என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அங்கே பெரும்பாலும் பரிசல்தான், பரிசலுக்குக் கிடைப்பது படகுக்கும் கிடைக்கும் என்று நினைத்துப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

வேலையில் பலரும் செய்யும் முதல் தப்பு, தளத்தைப் பிய்த்து ஸ்ட்ரிங்கர்களை மொத்தமாக வெட்டி எடுப்பது. எடுத்த நிமிஷமே தோடு தன் வடிவத்தை இழக்கும். பக்கங்கள் விரியும், அடி தொய்யும். அந்தத் தொய்ந்த வடிவத்தோடு புது எலும்பைக் கட்டினால் படகு ஆயுசுக்கும் கோணல்தான். உங்கள் படகு லாரியில் வந்திருக்கிறது, இப்போது இரண்டு லாரி டயர் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். டயர் இருக்கும் இடத்தில் அடி உள்வாங்கியிருக்கலாம். முதலில் அதை எடுங்கள். மூன்றடிக்கு ஒன்றாக மரத்தில் முட்டு அறுத்து, தோட்டின் வளைவுக்குப் பொருந்தும்படி சாக்கு மடித்து வைத்து, எடை எல்லா முட்டிலும் பரவும்படி உட்கார வையுங்கள். அணியத்தில் இருந்து பின்பலகையின் நடு வரை மீன்பிடி நரம்பை இறுக்கிக் கட்டுங்கள். மேல் விளிம்பில் குறுக்கே நான்கு இடத்தில் கட்டையடித்து அகலத்தைப் பூட்டுங்கள். மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து, இரண்டும் சமமா என்று பார்த்து, சுவரில் எழுதி வையுங்கள். அதற்கப்புறம் ஒரு ஸ்ட்ரிங்கரை எடுங்கள், புதிதைப் போடுங்கள், காயட்டும், பிறகு அடுத்தது. எடுக்குமுன் ஒவ்வொன்றின் உயரத்தையும் அட்டையில் வெட்டிப் படிவம் எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

பழைய சட்டத்தில் மரம் இருந்தது என்பதற்காகப் புதிதிலும் மரம்தான் வைக்க வேண்டுமா? வைக்கலாம், வேண்டியதில்லை. கடினமான ஃபோமைச் சட்ட வடிவத்தில் அறுத்து ஒட்டி, அதன் மேல் ஃபைபரைப் போர்த்திக் கவிழ்த்த தொட்டி மாதிரிச் செய்தால், பலம் முழுவதும் ஃபைபருக்கு வந்துவிடும். உள்ளே இருக்கும் ஃபோம் வெறும் அச்சுதான். நான் இதைத்தான் விரும்புவேன், அழுக எதுவும் இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் ஃபைபரின் கனம் மரம் வைத்ததை விடக் கூடுதலாக இருக்க வேண்டும், மேல்முகத்தில் 600 கிராம் ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி) கூடுதலாகப் போக வேண்டும். மோட்டாருக்கும் நங்கூரக் கயிற்றுக்கும் போல்ட் போகும் இடத்தில் மட்டும் மரமோ கெட்டியான ஃபைபர் கட்டையோ வையுங்கள். சட்டம் தோட்டைத் தொடும் மூலையைச் செங்கோணமாக விடக் கூடாது. ரெசினில் அதைக் கெட்டியாக்கும் ஏரோசில் தூளும் நறுக்கிய இழையும் கலந்து புட்டியாக்கி, அந்த மூலையில் கட்டை விரலால் இழுத்தது போன்ற குழிவு கொடுங்கள். அதன் மேல் முதல் அடுக்கு இரண்டு பக்கமும் 50 மி.மீ. படட்டும், அடுத்தது 75, அதற்கடுத்தது 100. எல்லா அடுக்கும் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டிலேயே தோடு விரிசல் விடும். குறுக்குத் தடுப்புப் பலகையும் தோட்டை நேராக முட்டக் கூடாது. நடுவில் விரல் கனத்துக்கு ஃபோம் பட்டை கொடுங்கள். சட்டங்களின் அடியில் தண்ணீர் பின்னோக்கி ஓட வழித்துளை வையுங்கள், துளையின் உள்ளோரத்தையும் ஃபைபரால் மூடுங்கள். பல படகுகளில் அழுகல் இந்த மூடாத ஓரத்தில்தான் தொடங்கியிருந்தது.

இனி சொல்லப்போவதுதான் மொத்த வேலையின் உயிர். புதிய படகில் ஈரமான அடுக்கின் மேல் ஈரமான அடுக்குப் போகிறது, இரண்டும் வேதியல் முறையில் ஒன்றாகிவிடும். நீங்கள் 20 வருடம் காய்ந்த தோட்டின் மேல் போடப்போகிறீர்கள். அங்கே வெறும் பிடிமானம்தான். பிடிமானத்துக்கு உப்புத்தாள் போதாது. கிரைண்டரில் 36-ஆம் நம்பர் டிஸ்க் போட்டு, பளபளப்பு முழுக்கப் போய், பழைய இழைகள் மங்கலாகத் தெரியும் வரை அரைக்க வேண்டும். பெயின்ட், எண்ணெய், மீன் கசடு எதுவும் இருக்கக் கூடாது. எண்ணெய் இருந்தால் அரைப்பதற்கு முன்பே துடைத்துவிடுங்கள், அரைத்த பிறகு துடைத்தால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும். அரைத்த அன்றே மேட் போடுங்கள். உடைந்த தோட்டை ஒட்டும் இடத்தில் கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு அகலத்தில் சரிவாக அரையுங்கள், 6 மி.மீ. தோட்டுக்கு 72 மி.மீ. இந்தக் கண்ணாடித் தூசி நுரையீரலுக்குப் போகும். நல்ல முகமூடி, மூடிய கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் துண்டு கட்டிக்கொண்டு அரைத்தவர்கள் இப்போது படும் பாடு எனக்குத் தெரியும்.

எந்த ரெசின் என்பதில் ஒரே பதில் இல்லை, அனுபவசாலிகளே வேறுபடுவார்கள். கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் சாதாரண ரெசின் ஆர்த்தோ வகைப் பாலியெஸ்டர், கூரைத் தகட்டுக்கு அது சரி. தண்ணீரில் கிடக்கும் படகுக்கு, தண்ணீரை நன்றாகத் தாங்கும் ஐசோ அல்லது வினைல் எஸ்டர் வகை ரெசின் வாங்குங்கள். பழைய தோட்டில் ஒட்டும் பிடிமானத்தில் எபாக்சி எல்லாவற்றையும் விட மேல் என்பதில் சந்தேகமில்லை, விலையும் பல மடங்கு. ஸ்ட்ரிங்கருக்கும் தளத்துக்கும் நன்றாக அரைத்து வினைல் எஸ்டர் போட்டால் போதும் என்பது என் கருத்து. பின்பலகைக்கு மட்டும் எபாக்சி போடுவேன். எபாக்சி போட்டால் சாதாரண மேட் ஒத்துவராது. அந்த மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, மற்ற ரெசின்களில் கலந்திருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரையும்படி செய்யப்பட்டது, எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது. தைத்த துணி வகை கேட்டு வாங்குங்கள். எபாக்சியின் மேல், படகின் வெளிப்புறத்துக்குப் பூசும் பாலியெஸ்டர் ஜெல் கோட்டும் நம்பிக்கையாக ஒட்டாது, பெயின்ட் அடித்துவிடுங்கள்.

பின்பலகையை உள்பக்கத்தில் இருந்து திறந்து, வெளித்தோட்டை அப்படியே விட்டு, அழுகிய மரத்தைச் சுரண்டி எடுங்கள். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட் 18 மி.மீ. இரண்டு, மொத்தம் 36. சாதாரண வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்டை விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள், வேண்டாம். ஓரங்களுக்கு இரண்டு முறை ரெசின் குடிக்கக் கொடுத்து, புட்டியில் உட்கார வைத்து, வெளியில் ஒரு நேரான பலகை வைத்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் வெளித்தோடு வயிறு தள்ளிவிடும். மோட்டாரின் உதைப்பைப் பலகை மட்டும் தாங்காது. பலகையில் இருந்து ஸ்ட்ரிங்கருக்கு முக்கோணத் தாங்கி கொடுங்கள். உங்கள் பின்பலகை ஆடுவதற்கு அந்தத் தாங்கி விட்டுப்போனதே காரணமாக இருக்கலாம், திறந்தால் தெரியும். போல்ட் துளை ஒவ்வொன்றையும் பெரிதாகப் போட்டு, கெட்டி எபாக்சியால் அடைத்து, காய்ந்த பிறகு நடுவில் சரியான அளவுக்குத் துளையுங்கள். அப்போது போல்ட் கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

பருவம் பார்த்துச் செய்யுங்கள். ரெசினுக்கு 20 முதல் 30 டிகிரி வரை சுகம். சேலத்துச் சித்திரை வெயிலில் மதியம் கலந்தால் வாளியிலேயே புகைந்து கட்டியாகிவிடும். காலை ஆறு முதல் ஒன்பது வரை, ஒரு முறைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்காமல், கலந்ததை அகலமான தட்டில் ஊற்றி வேலை செய்யுங்கள். சூட்டுக்குப் பயந்து கேட்டலிஸ்ட்டை (ரெசினைக் காய வைக்கும் திரவத்தை) ஒரு சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், எத்தனை நாளானாலும் ரெசின் முழுதாகக் காயாது. அதற்குப் பதில், காய்வதை வேகப்படுத்தும் கோபால்ட்டைக் குறையுங்கள். குளிருக்கும் ஒரு பாடம் உண்டு. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் குளத்துப் படகுக்கு மார்கழியில் வேலை எடுத்தேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், மூடுபனிக்குள் மேட் போட்டேன். காலையில் பார்த்தால் பிசுபிசுவென்று, வெள்ளை பூத்துக் கிடந்தது. முழுக்க அரைத்து எடுத்துவிட்டு மாசியில் திரும்பப் போட்டேன். உங்கள் அணைக்கரையிலும் மார்கழிப் பனி இருக்கும்.  அதனால் பனி விலகி, சித்திரை வெயில் தொடங்காத பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் உங்களுக்கு ஏற்றவை. காய்ந்ததா என்று பார்க்க அசிட்டோன் தொட்ட துணியால் தேயுங்கள், ஒட்டினால் காயவில்லை.

கேட்டலிஸ்ட்டையும் கோபால்ட்டையும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது, ஒரு துளிகூட. வெடிக்கும், தீப்பிடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டையும் தனித்தனி அலமாரியில் வையுங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகும். வேலை செய்யும் இடத்தில் ஒரு குடம் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், பட்டால் உடனே கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செலவு எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். துளை போட்டுப் பார்க்காமல் யார் தொகை சொன்னாலும் ஊகம்தான், நானும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டிப் பார்த்து, துளை போட்டு, சாக்பீஸ் வட்டங்களோடு படம் எடுத்து, அடித்தோட்டின் கனத்தையும் எழுதி இதே கேள்வியின் கீழ் போடுங்கள். எத்தனை சதுர மீட்டர் ஃபைபர், எத்தனை கிலோ ரெசின் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன், விலையை நீங்கள் கடையில் விசாரித்துக்கொள்ளலாம். எல்லாம் முடிந்து தண்ணீரில் விடும்போது மோட்டார் இல்லாமல், ஆட்களின் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, கரையில் கயிறு கட்டி ஒரு ராத்திரி மிதக்க விடுங்கள். காலையில் அடித்தளத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று அப்பாவையும் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தண்ணீருக்கு மேலே தலைகாட்டும். அந்தப் பகுதியில் முதல் ஓட்டம் வேண்டாம், மூழ்கிக் கிடக்கும் கட்டடக் கற்களில் புதுத் தோடு உரசிவிடும்.